பந்தால் பாடம் நடத்திய வாத்தியார் – சையத் அப்துல் ரஹீம்



கால்பந்து என்றதும் நமக்கு யார் யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? பீலே, மரடோனா, அப்புறம் மெஸ்ஸி, ரொனால்டோ. நம்ம ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருப்பதும் இவர்கள் படம்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஆசியாவிலேயே முதல் இடத்தில் இந்தியக் கால்பந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. ஒலிம்பிக்கில் அரை இறுதி வரைக்கும் நம்ம ஆட்கள் போனார்கள். இதைச் சொன்னால் நம்ம வகுப்பிலேயே பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம் நண்பர்களே, எல்லாம் நடந்த கதை!

அந்தக் காலத்தை உண்டாக்கியவர் பெரிய பணக்காரரோ, ராஜா வீட்டுப் பிள்ளையோ, வெளிநாட்டு நிபுணரோ இல்லை. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அதிலும் உடற்கல்வியில் ஒரு டிப்ளமா வாங்கி, அந்த டிப்ளமாவை வைத்துத்தான் மைதானத்துக்கு வந்தவர். அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். எல்லாரும் மரியாதையாக ரஹீம் சாப் என்றே கூப்பிட்டார்கள்.

நான் பிளவக்கல் அணைக்குக் கீழே உள்ள ஊர்க்காரன். எங்கள் பக்கம் தனியாக மைதானம் எல்லாம் கிடையாது. கண்மாய் எப்போ வற்றுதோ அப்போ அதுதான் மைதானம். தண்ணி நிறைஞ்சிருந்தா விவசாயத்துக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். தண்ணி வற்றினா எங்களுக்குக் கொண்டாட்டம். வெறுங்காலோடுதான் ஆடுவோம். கருவேல முள் குத்தினா பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஆட்டம்தான். அப்படி ஆடி வந்தவனுக்கு ரஹீம் அவர்களின் வாழ்க்கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை எழுதத்தான் இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கினேன்.

ஆட்டக்காரர், வாத்தியார், செயலாளர்

ரஹீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சி நடந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் நல்ல ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினார். அதன் பிறகு உள்ளூர் லீக்கில் கமர் கிளப் என்ற பலமான அணிக்கு ஆடினார். கலைப் படிப்பில் பட்டம் வாங்கி வாத்தியார் வேலைக்குப் போனார். அதோடு நிறுத்தவில்லை. உடற்கல்வியில் டிப்ளமா படித்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரைக்கும், இருபது வருஷம், அந்தப் பொறுப்பில் இருந்தார். பகலில் பள்ளிக்கூடம். மிச்ச நேரம் எல்லாம் மைதானம்.

நண்பர்களே, இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். செயலாளர் பதவி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது என்று நாம் நினைப்போம். ரஹீம் அந்தப் பதவியை வைத்து என்ன செய்தார் தெரியுமா? விதவிதமாகப் போட்டிகள் நடத்தினார். அந்தப் போட்டிகளின் விதிகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

குறையையே பாடமாக வைத்தார்

நம்ம ஊர்ப் பசங்க எப்படி ஆடுவார்கள்? பந்து காலில் வந்துவிட்டால் போதும், யாருக்கும் கொடுக்க மனசு வராது. நாலு பேரை வெட்டி, ஐந்தாவது ஆளிடம் பறிகொடுத்துவிட்டுத்தான் நிற்பார்கள். எங்கள் கண்மாய் ஆட்டத்திலும் இதே கதைதான். அந்தக் கால ஹைதராபாத்திலும் இதே கதைதான். ரஹீம் ஒரு போட்டி வைத்தார். அதில் யாரும் பந்தை உருட்டிக்கொண்டு ஆளை வெட்டிப் போகக் கூடாது. வந்த பந்தை உடனே இன்னொருவனுக்குத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டு சும்மா நிற்கவும் முடியாது, அடுத்த பாஸ் வாங்க காலி இடத்துக்கு ஓட வேண்டும். இப்படியே ஆடி ஆடி, பந்தைப் பங்கு போட்டுக் கொள்ளும் புத்தி தானாக வந்துவிடும்.

இன்னொரு போட்டி. அதில் பழக்கமான காலால் அடிக்கக் கூடாது. வலது கால்காரன் இடது காலால்தான் ஆட வேண்டும். முதல் நாள் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் போட்டி முடியும்போது ஒவ்வொருத்தனுக்கும் இரண்டு கால் கிடைத்திருக்கும்!

குள்ளமான பையன்களுக்கு என்றே தனிப் போட்டியும் வைத்தார். உயரமான பையன்கள் கூட்டத்தில் அவர்களுக்கு யார் வாய்ப்பு கொடுப்பார்கள்? தனியாக ஆட விட்டால்தானே அவர்கள் காலில் என்ன இருக்கிறது என்று தெரியும்?

ஒர்க்‌ஷாப்பில் நாம் முதல் வருஷம் ஃபிட்டிங் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரம் போட்டு, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். எந்த இடத்தில் வெளிச்சம் கசிகிறதோ அந்த இடத்தில்தான் அடுத்து அரம் போட வேண்டும். சரியாக இருக்கும் இடத்தில் போட்டால் வேலை கெட்டுப் போகும். ரஹீம் செய்தது அச்சு அசலாக இதே வேலை. எங்கே குறை என்று பார்த்தார். அந்தக் குறையை வைத்தே ஒரு பயிற்சியை உண்டாக்கினார். பணம் செலவு இல்லை, வெளிநாட்டுக் கருவி இல்லை. விதியை மட்டும் மாற்றினார், அவ்வளவுதான்.

போலீஸ் அணி

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு அப்புறம் நடந்தது ஒரு சரித்திரம். பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அந்த அணி வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக 1950-ல் நடந்த டூரண்ட் கோப்பையிலும் கல்கத்தாவின் மோகன் பகானை இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது. அதுவரைக்கும் இந்தியாவில் கால்பந்து என்றால் கல்கத்தா என்று இருந்தது. தெற்கே இருந்தும் ஓர் அணி வரும் என்று காட்டியது இந்தப் போலீஸ் அணிதான்.

அதே சமயத்தில் இந்திய அணிப் பொறுப்பும் ரஹீம் கைக்கு வந்தது. 1951 மார்ச் மாதம் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. சைலன் மன்னா கேப்டன். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0. அந்த ஒரு கோலை அடித்தவர் மேவாலால். ஆசியாவின் முதல் கால்பந்துத் தங்கம் நமக்கு!

சந்தோஷம் ஒரு வருஷம்தான் நீடித்தது.

பத்துக்கு ஒன்று

1952 ஜூலை 15. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரம். ஒலிம்பிக் போட்டி. எதிரணி யூகோஸ்லாவியா. இன்றைக்கு அந்தப் பேரில் நாடு இல்லை, உடைந்து செர்பியா, குரோஷியா என்று பல நாடுகள் ஆகிவிட்டன. நம்ம ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடப் பழகியவர்கள். நம்ம வெயிலில், காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு பலம். பந்தைத் தொட்டுப் பார்த்து ஆடலாம். வடக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த புல்தரையில் அதுவே பலவீனம் ஆகிவிட்டது.

இரண்டாவது நிமிஷத்தில் முதல் கோல். இடைவேளைக்குள் 5-0. முடிவில் 10-1. கடைசி நேரத்தில் அகமது கான் அடித்த ஒரு கோல்தான் நமக்கு மிச்சம். இன்று வரைக்கும் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய மிகப் பெரிய அடி அது.

அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த ராய்கோ மிதிச் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செர்பியாக்காரர். பெல்கிரேடு ரெட் ஸ்டார் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். 1950 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக மரக்கானா மைதானத்துக்குள் வரும்போது இரும்புச் சட்டத்தில் தலை இடித்து ரத்தம் கொட்டியது. அணி பத்துப் பேரோடு ஆட்டத்தைத் தொடங்கியது. இவர் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தார். பின்னாளில் யூகோஸ்லாவியாவின் பயிற்சியாளராகி 1968-ல் அந்த அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பெல்கிரேடு மைதானத்துக்கே 2014-ல் அவர் பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் நாம் தோற்றோம். அந்தத் தலைக்கட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். இதே மாதிரி இன்னொரு தலைக்கட்டு இந்தக் கதையில் வரப்போகிறது.

பத்து கோல் வாங்கிவிட்டு ஊர் திரும்பும் ஒரு பயிற்சியாளரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே நாம் ஒரு வாரம் யார் முகத்திலும் விழிப்பதில்லை. இது நாடே பார்த்த தோல்வி. ரஹீம் குளிரைக் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. ஃபிட்டிங் வேலை மறுபடியும் ஆரம்பமானது. வெளிச்சம் எங்கே கசிகிறது?

வெறுங்கால் ஆட்டம் முடிவுக்கு வந்தது. ஹெல்சிங்கி தோல்விக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனம் சொல்லிவிட்டது. ரஹீம் அணி நிற்கும் முறையையே மாற்றிப் பார்த்தார். நடுவில் நிற்கும் முன்வரிசை ஆட்டக்காரரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆட வைத்தார். எதிரணித் தடுப்பாளருக்குக் குழப்பம். அவர் பின்னாலேயே போனால் நடுவில் ஓட்டை விழும், போகாமல் நின்றால் இவர் தாராளமாகப் பந்தை வாங்கிக் கொள்வார். 1953-ல் ரங்கூனில் நடந்த நாலு நாட்டுப் போட்டியில் இந்தியா ஜெயித்தது.

சைக்கிள் வாடகை

ஆள் பொறுக்குவதில் ரஹீமுக்குத் தனிக் கண். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற இடத்தில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். ஏழைக் குடும்பம். அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையனுக்கு ஆசைதான். ஆனால் அவ்வளவு தூரம் தினம் வந்து போகக் காசு வேண்டுமே! ரஹீம் தன் கையில் இருந்து வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்தார். அந்தப் பையன்தான் இரண்டு ஒலிம்பிக் பார்த்து, இந்தியாவின் தலைசிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனான்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவே இல்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க அய்யா கூலி வேலைக்குப் போகிறவர், பேப்பரில் கையெழுத்து மட்டும் போடுவார். காலையில் வத்திராயிருப்பு வந்து பஸ் மாறி வருகிற எனக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவச பஸ் பாஸ் இல்லை என்றால் இந்தப் படிப்பே இல்லை. இது மாதிரி நம்ம கல்லூரியில் எத்தனை பேர்! திறமை இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம். முதலில் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்வதற்கு என்ன தடை என்று பார்த்து, அதை எடுத்துப் போட்ட பிறகுதான் ரஹீம் பயிற்சியை ஆரம்பித்தார். வாத்தியார் என்றால் அவர் வாத்தியார்!

நாலுக்கு ஒன்று

1956. மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரி வராததால் முதல் சுற்று ஆடாமலே கிடைத்தது. டிசம்பர் 1-ம் தேதி கால் இறுதி. சொந்த மண்ணில் ஆடும் ஆஸ்திரேலியா. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. நான்காவது கோல் கிட்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி. 4-2. ஒலிம்பிக் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இந்தியா!

அரை இறுதியில் எதிரே யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா!

நாலு வருஷத்துக்கு முன்னால் இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கிய அணி, இந்தத் தடவை இடைவேளை வரைக்கும் ஒரு கோல்கூட விடவில்லை. 52-வது நிமிஷத்தில் டிசோசா அடித்த கோலில் இந்தியா முந்தியது. யோசித்துப் பாருங்கள், பத்து கோல் போட்டவர்களை நாம் முந்தி நின்ற நேரம் அது! ஆனால் இரண்டே நிமிஷத்தில் அவர்கள் சமன் செய்துவிட்டார்கள். முடிவில் 4-1. நாலாவது கோல் நம்ம ஆள் காலில் பட்டே உள்ளே போனது.

அந்த ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவுக்கு ஒரு கோல் போட்டவர் டோடோர் வெசெலினோவிச். இவரும் செர்பியாவின் பெரிய கோல்காரர், பின்னாளில் பெரிய பயிற்சியாளர். 1984 ஐரோப்பியக் கோப்பைக்கு யூகோஸ்லாவியாவை அழைத்துப் போனவர். மெல்போர்னில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் ஆளுக்கு நாலு கோலோடு மூன்று பேர் முதல் இடத்தில் நின்றார்கள். அதில் வெசெலினோவிச் ஒருவர், நம்ம டிசோசா ஒருவர்.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நாலாவது இடம். பதக்கம் இல்லை. ஆனால் 10-1 என்பது 4-1 ஆனதற்கு நடுவில் இருக்கும் நாலு வருஷத்தைப் பாருங்கள். அந்த வித்தியாசத்துக்குப் பேர்தான் ரஹீம்.

நம்ம தமிழ்ப் பெயர்களும் இந்தக் கதையில் உண்டு. கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆடியவர். முதலில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர், பிறகு கோல் கம்பத்துக்குப் போய் ஆசியாவே பேசும் கீப்பர் ஆனார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அந்த ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம். ஹங்கேரி அந்த வருஷம் வெண்கலம் வாங்கிய அணி. அந்த ஆட்டத்தில் நமக்காகக் கோல் அடித்தவர் நம்ம வாடகை சைக்கிள் பையன் பலராம். பிரான்சோடு 1-1. பெருவிடம் 1-3. அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவே இல்லை.

ஜகார்த்தா

இனிதான் கதையின் உச்சம்.

1962-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு அப்போது நுரையீரலில் புற்றுநோய். அந்த உடம்போடுதான் அணியை அழைத்துக்கொண்டு போனார். சுனி கோஸ்வாமி கேப்டன். பி.கே. பானர்ஜி, பலராம், தங்கராஜ், ஜர்னைல் சிங் என்று நல்ல அணி. ஆனால் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி.

அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோம். அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டது. ஆறு தையல். ஜப்பானை 2-0. அரை இறுதிக்கு வந்தாயிற்று. ஜர்னைல் அணியின் தூண், தடுப்பாட்டத்தில் ஆசியாவிலேயே பெரிய ஆள். தலையில் தையலோடு அவரைப் பின்வரிசையில் நிறுத்தவும் பயம், வெளியே உட்கார வைக்கவும் மனசு இல்லை. என்ன செய்வது?

வேறு யாராக இருந்தாலும் ஓய்வு கொடுத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்னால் கொண்டுபோய் சென்டர் பார்வேர்டாக நிறுத்தினார்! தடுக்கிற ஆளை அடிக்கிற ஆளாக மாற்றினார். பயம் என்றால் என்னவென்று தெரியாத அந்தப் பஞ்சாபி உடம்பு எதிரணியின் கோல் முன்னால் நின்றால் அதுவே பாதி வேலை என்று கணக்குப் போட்டார். தலையில் கட்டோடு ஜர்னைல் இறங்கினார். அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம். அதில் ஜர்னைல் ஒரு கோல்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரணி, முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. ஆனால் அன்றைக்குப் பதினோரு பேர் மட்டுமா எதிரி? அந்தப் போட்டிக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று இந்தியாவின் ஒலிம்பிக் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கருத்து சொல்லியிருந்தார். அதனால் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிராகப் பெரிய கொந்தளிப்பு. இந்தியத் தூதரகத்தின் மேல் கூட்டம் பாய்ந்தது. இறுதி ஆட்டத்தில் நிரம்பி வழிந்த மைதானம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று அன்றைக்கு ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எதிரி என்று எப்போதும் சொல்லிவிட முடியாது போல!

முந்தின நாள் ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லையாம். ரஹீம் பையன்களைக் கூட்டிவைத்துப் பேசினாராம். தனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது நாளைக்குத் தங்கம் என்று கேட்டாராம். பையன்களுக்கு வாத்தியாரின் உடம்பு நிலைமை கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதானே இருந்தது.

காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் எழுந்து வந்து கோல் கம்பத்தில் நின்றார். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிஷம் இன்னொரு கோல். அடித்தவர் யார்? தலையில் ஆறு தையலோடு நின்ற ஜர்னைல் சிங்! கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல் திருப்பியது. அதற்கு மேல் விடவில்லை. 2-1. தங்கம்!

வாத்தியார் கேட்ட பரிசை மாணவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு

ஊர் திரும்பிய ரஹீம் அதிக நாள் இல்லை. படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11-ம் தேதி காலமானார். வயது 53. தங்கம் வாங்கிக் கொடுத்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

பயிற்சியாளர்களுக்கு என்று மத்திய அரசு கொடுக்கும் துரோணாச்சார்யா விருது 1985-ல்தான் ஆரம்பித்தது. அவர் போய் 22 வருஷம் கழித்து. அவர் மகன் ஹகீம் 1960 ரோம் அணியில் இடம்பெற்றவர், பிறகு சர்வதேச நடுவர் ஆனவர். அவரும் 2021-ல் காலமாகிவிட்டார். 2024-ல் இந்தியில் மைதான் என்ற படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு ரஹீம் என்ற பேரே தெரியும்.

ஆசிய விளையாட்டில் 1962-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் கிடைக்கவில்லை. 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான். அப்படியானால் எல்லாம் ரஹீமோடு போய்விட்டதா? பாதி ஆமாம், பாதி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கீழே ஆடியவர்கள் பின்னாளில் தாங்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள். கோல் அடித்த பி.கே. பானர்ஜி 1970-களில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளை வைத்துக் கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்தார். தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் பஞ்சாப் அணியின் பயிற்சியாளராக 1974-ல் சந்தோஷ் டிராபி வாங்கினார். நம்ம சைமன் சுந்தர்ராஜ் 1973-ல் கேரளாவுக்கு அதன் முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் போனாலும் பாடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆனால் குறை எங்கே என்று பார்த்து, அதற்கு என்றே ஒரு போட்டி உண்டாக்கி, இடது காலுக்கும் குள்ளப் பையனுக்கும் இடம் கொடுத்து, சைக்கிள் வாடகையில் இருந்து ஆரம்பிக்கிற அந்த வேலை இருக்கிறதே, அதை நாடு முழுக்கத் தொடர்ந்து செய்ய ஆள் இல்லாமல் போனது. தங்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். அரம் போட்ட கையைப் பார்க்கவில்லை.

நண்பர்களே, நம்மைப் பார்த்து ஊரில் என்ன கேட்கிறார்கள்? என்ன படிக்கிறாய் என்பார்கள். டிப்ளமா என்று சொன்னால், டிப்ளமாதானா என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பு உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். எனக்கும் பழக்கம்தான். ரஹீம் அவர்களின் வாழ்க்கையைப் படித்த பிறகு எனக்கு அது முன்னே மாதிரி வலிக்கவில்லை. ஒரு பட்டம் வாங்கின பிறகும் மைதானத்து வேலைக்கு டிப்ளமாதான் வேண்டும் என்று படிக்கப் போனவர் அவர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முதல் நாள் மட்டும்தான். மறுநாளில் இருந்து வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்க்கத் தெரிந்தவன்தான் வேலைக்காரன்.

அதனால் நான் கேட்டுக் கொள்வது ஒன்றுதான். நம்ம கல்லூரி மைதானத்தில் சாயந்திரம் ஆடும்போது, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் முதலாம் ஆண்டுத் தம்பிகளையும் உள்ளே கூப்பிடுங்கள். உயரம் பார்க்காதீர்கள், ஷூ இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் யாரும் ஆளை வெட்டிப் போகக் கூடாது என்று விதி வைத்து ஆடிப் பாருங்கள். இன்னொரு நாள் பழகாத காலால் மட்டும் ஆடிப் பாருங்கள். செலவு ஒரு ரூபாய் இல்லை. லேத்தில் வேலை தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாம் பாஸாகிப் போன பிறகும் நம்ம பாடம் இங்கே யாராவது ஒருத்தன் கையில் மிச்சம் இருக்கட்டும்.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணி வற்றியதும் சின்னப் பையன்களை வைத்து நான் அந்த இடது கால் ஆட்டத்தை ஆரம்பிக்கப் போகிறேன். மழை நன்றாகப் பெய்து அணை நிறைந்தால் விவசாயத்துக்கு நல்லது. கொஞ்சம் தாமதமாக வற்றினாலும் பரவாயில்லை, காத்திருக்கிறோம்!

வாழ்க கால்பந்து! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

– இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், பிளவக்கல்